இன்டர்வியூ முடிந்தது, பதில் வரவில்லை: வட்டார விமான நிறுவன வேலைக்குக் காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சிலேத்தார் விமான நிலையத்தில் பறக்கப் பழகும் தம்பிகளும் தங்கைகளும், லைசென்ஸ் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். தேக்காவில் தேநீர் குடித்தபடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இப்போது ஏடிஆர் 72 என்ற டர்போப்ராப் (காற்றாடி சுழலும் எஞ்சின்) விமானம் ஓட்டும் துணை விமானி. இன்டர்வியூ முடிந்த நாளுக்கும் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்ததற்கும் இடையே ஏழு மாதம் காத்திருந்தேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

வட்டார நிறுவனம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணங்கள், சின்ன விமானங்கள். நம் பெற்றோர் தலைமுறைக்கு அது சில்க்ஏர். 1989ல் டிரேட்விண்ட்ஸ் என்ற பெயரில் வட்டாரச் சேவையைத் தொடங்கியது, 1992ல் பெயர் மாறியது, 2021ல் தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு (எஸ்ஐஏ) கலந்துவிட்டது. இன்று அதே குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் 112 இருக்கை கொண்ட எம்ப்ரேயர் இ190-இ2 விமானங்களை வைத்திருக்கிறது. 2024 மே மாதம் தாய்லாந்தின் கிராபி, ஹாட் யாய் பக்கம் பறக்கத் தொடங்கினார்கள். சிலேத்தாருக்கு ஏடிஆர் விமானத்தில் வந்திறங்கிய மலேசியாவின் ஃபயர்ஃபிளையையும் பலருக்கு நினைவிருக்கும். அண்டை நாட்டு நிறுவனம் என்றால் அந்நாட்டு வேலை அனுமதியும் லைசென்ஸ் மாற்றமும் சேர்ந்துகொள்ளும். காத்திருப்பும் அதற்கேற்ப நீளும்.

இன்டர்வியூ முடிந்து எத்தனை நாளில் பதில் வரும்?

இந்தக் கேள்விக்கு நாள் கணக்கு சொல்பவரை நம்பாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரியும்.

ஒரு நிறுவனம் விமானிகளை ஆள் ஆளாக எடுப்பதில்லை, வகுப்பு வகுப்பாக எடுக்கிறது. வகுப்பு தொடங்க வேண்டுமானால் டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும், சிமுலேட்டரில் (விமானி அறை போன்ற பயிற்சி இயந்திரம்) நேரம் வேண்டும், அதன் பிறகு பயணிகளோடு பறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்சி கேப்டன்கள் வேண்டும். சிமுலேட்டர் என்பது விலையுயர்ந்த சாமான், இரவு பகலாக ஓடும். ஏர்பஸ்ஸும் எஸ்ஐஏவும் சேர்ந்து சிலேத்தாரில் 2016ல் திறந்த பயிற்சி நிலையம் போன்ற இடங்களுக்குப் பல நாட்டு நிறுவனங்களிலிருந்தும் விமானிகள் வருகிறார்கள். உங்கள் நிறுவனத்துக்குக் கிடைப்பது நள்ளிரவு நேரமாகவும் இருக்கலாம், அடுத்த காலாண்டாகவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிமுலேட்டர் பயிற்சி ஜோடியாக நடக்கும். இடது இருக்கையில் ஒருவர், வலது இருக்கையில் ஒருவர். அதனால் ஆட்களை இரட்டைப்படையில் எடுப்பதுதான் அவர்களுக்கு வசதி. எடுத்த ஒருவர் மருத்துவச் சோதனையில் நின்றுவிட்டால் அவருடைய ஜோடியும் தொங்கலில் நிற்பார். நீங்கள் நன்றாகச் செய்தும் பதில் வராததற்கு யாரோ ஒருவருடைய ரத்தப் பரிசோதனை காரணமாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் மேலே விமானம் வேண்டும். 2023ல் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் ஒரு வகை எஞ்சின்களில் உலோகத் தூளில் குறை இருப்பது தெரிந்து, சோதனைக்காக உலகம் முழுக்க ஏராளமான விமானங்கள் தரையில் நின்றன. நிற்கும் விமானத்துக்கு விமானி எதற்கு? அப்படிப்பட்ட மாதங்களில் ஆளெடுக்கும் பிரிவு வாயே திறக்காது.

எப்போது மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்?

அவர்கள் ஒரு தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதி கடந்து ஒரு வாரம் பொறுங்கள். சொல்லவில்லை என்றால் மூன்று வாரம். நான்கு வரி போதும்: இன்ன தேதியில் இன்ன வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தேன், விண்ணப்ப எண் இது, இன்னும் ஆர்வத்தோடு இருக்கிறேன், அதற்குப் பிறகு என் பறப்பு நேரம் இவ்வளவு கூடியிருக்கிறது. கடைசி வரிதான் முக்கியம். உங்கள் கோப்பைத் திறந்து ஏதோ ஒன்றைச் சேர்க்க அவர்களுக்கு ஒரு காரணம் கொடுக்கிறீர்கள். கூடியது ஒன்றுமில்லை என்றால் புதுப்பித்த மருத்துவச் சான்றிதழின் தேதியைச் சொல்லுங்கள்.

"தயவுசெய்து முடிவைச் சீக்கிரம் சொல்லவும்" என்று எழுதாதீர்கள். இன்டர்வியூ எடுத்த கேப்டனைச் சமூக ஊடகத்தில் தேடிப் பிடித்துத் தனிச் செய்தி அனுப்பாதீர்கள். ஒருவர் அப்படிச் செய்தார், அந்த கேப்டன் அதைச் சிரித்துக்கொண்டே விமானி அறையில் எல்லாருக்கும் காட்டினார். அந்தத் தம்பிக்கு இது இன்றுவரை தெரியாது.

தொலைபேசியில் அழைப்பார்களா, மின்னஞ்சலா?

நல்ல செய்தியை அழைத்துச் சொல்பவர்கள் உண்டு, "மன்னிக்கவும்" பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வரும். இங்கே சிங்கப்பூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து நம்மில் பலர் வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கிறோம். தொலைத்தொடர்பு நிறுவனமே அந்த வசதியைத் தருகிறது. தடுக்காதவர்களும் கூட்டல் குறியோடு எண் வந்தால் எடுப்பதில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து அழைக்கும் எச்ஆர் அதிகாரியின் எண் +60 என்றுதான் தொடங்கும், ஜகார்த்தா என்றால் +62. காத்திருக்கும் மாதங்களில் அந்தத் தடையை எடுத்துவிடுங்கள். வருகிற மோசடிக்காரர்களை நாம் சமாளித்துக்கொள்ளலாம், வங்கி விவரம் கேட்டால் வைத்துவிட வேண்டியதுதானே.

மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டியையும் தினம் ஒருமுறை பாருங்கள். ஒருமுறை போதும், நாற்பது முறை வேண்டாம்.

என்னோடு வந்தவருக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவ்வளவுதானா?

இன்டர்வியூ நாளன்றே யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுவார். முதல் வாரம் அது பயனுள்ளது. மூன்றாம் வாரத்திலிருந்து அது பேயாட்டம். ஒருவர் "கிடைத்துவிட்டது" என்று ஒரு விமானப் படத்தைப் போடுவார், பதினொரு பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது நடந்தது. அன்று மாமா வீட்டுக்கு வந்திருந்தார். "காத்திருந்தவன்..." என்று பழமொழியைத் தொடங்கி, அம்மா முறைத்ததைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகுதான் தெரிந்தது, முதலில் அழைக்கப்பட்ட நால்வருக்கும் ஏற்கெனவே ஏடிஆர் டைப் ரேட்டிங் இருந்தது. அவர்களுக்கு முழுப் பயிற்சி தேவையில்லை, உடனே விமானத்தில் உட்காரலாம். என்னைப் போல 200 மணி நேரப் பறப்பு அனுபவத்தோடு வந்தவர்கள் அடுத்த சுற்று. எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம், வரிசைகள் நாலைந்து. குழுவிலிருந்து விலக மனம் வரவில்லை என்றால் ஒலியை அணைத்துவிடுங்கள்.

"பூலில் வைத்திருக்கிறோம்" என்றால் தேர்வாகிவிட்டேன் என்று அர்த்தமா?

பூல் என்பது தேறியவர்களின் காத்திருப்புப் பட்டியல். தேர்வில் தேறிவிட்டீர்கள், வேலை இன்னும் இல்லை. கல்யாணம் நிச்சயமாகி முகூர்த்தம் குறிக்காத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பூலுக்கு ஒரு காலக்கெடு வைத்திருக்கும், அது கடந்தால் மறுபடி சோதனை. அந்தக் கெடு என்ன என்பதை அன்றே கேட்டு எழுதிவாங்கிக்கொள்வது உங்கள் உரிமை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பூல் வற்றவும் செய்யும். கொவிட் காலத்தில், 2020 செப்டம்பரில், எஸ்ஐஏ குழுமம் சுமார் 4,300 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. வேலையில் இருந்தவர்களுக்கே அந்த நிலைமை என்றால் பூலில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் பறக்கும் நண்பன், இன்டர்வியூ அன்றே வேலை கிடைத்தது என்கிறானே?

உண்மையாக இருக்கும். அங்கே வட்டார நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களின் பெயரில் பறப்பவை: அமெரிக்கன் ஈகிள், டெல்டா கனெக்‌ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ். ஆள் பற்றாக்குறை இருந்த ஆண்டுகளில் நிபந்தனையோடு கூடிய வேலை உறுதியை அன்றே கையில் கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பின்னணி விசாரணை, பழைய நிறுவனங்களின் பயிற்சிப் பதிவுகள், போதைப்பொருள் சோதனை, கடைசியாக வகுப்புத் தேதி. அந்தத் தேதிக்குத்தான் அவர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். நாம் முன்னால் காத்திருக்கிறோம், அவர்கள் பின்னால்.

அங்கே வாசலும் வேறு. 2009 பிப்ரவரி 12ஆம் தேதி பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால் 2013லிருந்து துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். பட்டப்படிப்போ ராணுவப் பின்னணியோ இருந்தால் சற்றுக் குறையும். வேடிக்கை என்னவென்றால், அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். அந்த விதி சரியா என்று விமானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள், நான் அதில் இறங்கப் போவதில்லை. 200 மணி நேரத்தோடு விமானி அறைக்குள் நுழைய முடிகிற நம் பக்கத்து முறையை அந்த நண்பனின் கதையோடு ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போதைய வேலையை விட்டுவிடலாமா?

கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நான் விட்டேன்.

அப்போது தரைச் சேவையில் வேலை, ஷிஃப்ட் முறை. தொலைபேசியில் "உங்களை எடுத்துக்கொள்கிறோம், அடுத்த மாதம் வகுப்பு, கடிதம் வரும்" என்றார்கள். அன்று மாலையே ராஜினாமா எழுதினேன். கடிதம் வரவில்லை. வகுப்பு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, மொத்தம் ஐந்து மாதம். கையில் சம்பளம் இல்லாததால் சிக்கனம் பார்த்தேன். மாதம் ஒருமுறை பறந்துகொண்டிருந்ததை நிறுத்தினேன். மருத்துவச் சான்றிதழ் முடியப்போகிறது என்று தெரிந்தும், வேலை உறுதியான பிறகு புதுப்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வியாழக்கிழமை அழைத்தார்கள்: திங்கட்கிழமை வகுப்பு, சான்றிதழ் நகலை நாளைக்குள் அனுப்புங்கள். என்னிடம் இருந்தது இரண்டு வாரத்துக்கு முன் காலாவதியான தாள். நான்கு நாளில் மருத்துவரிடம் நேரம் கிடைக்கவில்லை. என் இடம் அடுத்தவருக்குப் போனது. நான் அடுத்த வகுப்பில் சேர்ந்தேன்.

தேதி போட்ட ஒப்பந்தம் கையில் வந்து, நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்ட பிறகுதான் ராஜினாமா. முன்னறிவிப்புக் காலம் ஒரு மாதமா இரண்டு மாதமா என்பதை இன்டர்வியூவிலேயே உண்மையாகச் சொல்லியிருங்கள். அதை மதித்துத் தேதி தருவார்கள்.

அப்படியானால் எந்தெந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ். 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 12 மாதம். முடிவதற்கு ஆறு வாரம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். தீபாவளிக்கு அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை வைத்துக்கொள்ளாதீர்கள், அதிரசமும் முறுக்கும் அறிக்கையில் தெரியும். சர்க்கரை நோய் பரம்பரையாக இருக்கும் குடும்பங்கள் நம்முடையவை. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அடுத்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் இந்தத் தகுதி முடிந்துவிட்டால் மறுபடி தேர்வில் பறந்து காட்ட வேண்டும், செலவு வலிக்கும். பயணிகளோடு பறக்க 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது நாம் எல்லாரும் படித்த விதி. வேலை இல்லாதபோதும் அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத் திறன் நிலை 4 என்றால் பொதுவாக மூன்று ஆண்டு, 5 என்றால் ஆறு ஆண்டு, 6 என்றால் திரும்ப எழுத வேண்டாம். கடப்பிதழில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா பாருங்கள்.

இந்தத் தேதிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியது அந்தத் தாளை, தொலைபேசியை அல்ல.

ரிசர்விஸ்ட் அழைப்பு வந்தால்?

தேசிய சேவை முடித்த ஆண்களுக்கு இந்தத் தலைவலி உண்டு. வகுப்பு தொடங்கும் வாரத்தில்தான் முகாம் வரும், அது ஏதோ விதி. அழைப்பாணை வந்த அன்றே நிறுவனத்துக்குத் தேதிகளைச் சொல்லுங்கள். வகுப்புத் தேதி உறுதியானால் அந்தக் கடிதத்தோடு ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் "இன்டர்வியூ முடித்துக் காத்திருக்கிறேன்" என்பதை வைத்து ஒத்திவைப்புக் கேட்பது எடுபடாது. பயிற்சி வெளிநாட்டில் நீண்ட காலம் என்றால் எக்ஸிட் பெர்மிட்டையும் (நாட்டை விட்டு வெளியே தங்க அனுமதி) நினைவில் வையுங்கள்.

வீட்டில் தினமும் கேட்கிறார்கள். உறவினர்களுக்கு என்ன சொல்வது?

பயிற்சிக்கு வீட்டுச் சேமிப்பு கரைந்திருக்கும், சில வீடுகளில் அம்மாவின் வளையல் அடகுக்கடையில் இருக்கும். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அம்மா அப்பாவிடம் மேலே சொன்ன சிமுலேட்டர், ஜோடி, வகுப்புக் கதையை உட்கார வைத்துச் சொல்லுங்கள். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல் வராமல் கிரேன் ஓட்டுநரைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டு டேங்க் ரோடு முருகனிடம் பால்குடம் நேர்ந்துகொண்டார்.

உறவினர்கள் கதை வேறு. பிஜிபி மண்டபத்தில் கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில், ரசம் ஊற்றும் நேரத்தில், "என்னப்பா, பைலட் ஆயிட்டியா?" என்று எட்டு இலைக்குக் கேட்கிற மாதிரி கேட்பார்கள். "பயிற்சித் தேதிக்காக இருக்கேன் சித்தப்பா" என்று ஒரே வரி. பூல், டைப் ரேட்டிங் என்று விளக்கத் தொடங்கினால் பாயசம் வரும்வரை முடியாது.

வேறு நிறுவனத்திலும் இன்டர்வியூ வந்தால் போகலாமா?

போங்கள். இதில் துரோகம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடும்போது மட்டும் நிதானம் வேண்டும்: டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றால் பதிலுக்கு சில ஆண்டு பாண்டு (விலகாமல் வேலை செய்யும் ஒப்பந்தம்) இருக்கும். இடையில் விலகினால் எவ்வளவு வெள்ளி கட்ட வேண்டும், அது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா, பயிற்சியில் தேறாமல் போனாலும் கட்ட வேண்டுமா, யார் ஜாமீன் என்ற நாலையும் படியுங்கள். ஜாமீன் கையெழுத்து அப்பாவுடையது என்றால் அவரையும் படிக்க வையுங்கள்.

ஜெட்ஸ்டார் ஏஷியா மூடியது எங்களைப் பாதிக்குமா?

சிங்கப்பூரின் மலிவுக் கட்டண நிறுவனமான அது 2025 ஜூலை 31 அன்று கடைசியாகப் பறந்தது. 500க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள், அவர்களில் ஏர்பஸ் ஏ320 ஜெட் விமான அனுபவமுள்ள விமானிகளும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் சந்தைக்கு வரும்போது புதியவர்களின் வரிசை கொஞ்சம் பின்னால் நகரும், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஏ320 உள்ள இடத்தையே தேடுவார்கள். புதியவர்களுக்கு டர்போப்ராப் பக்கம் கதவு திறந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

இல்லை என்று வந்துவிட்டால்?

காரணம் கேட்டு எழுதலாம், பதில் அரிது. திரும்ப விண்ணப்பிக்க ஆறு மாதமோ ஓராண்டோ இடைவெளி கேட்பார்கள், அந்தத் தேதியையும் குளிர்பதனப்பெட்டித் தாளில் சேருங்கள். எங்கே சறுக்கினோம் என்பது பெரும்பாலும் நமக்கே தெரியும். சிமுலேட்டரில் உயரம் நூறு அடி தவறியதை நினைத்து மருகுபவர்கள், பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் முழு நேரமும் தனியாக மல்லுக்கட்டியதை மறந்துவிடுவார்கள். சோதிப்பவர் எழுதிவைப்பது இரண்டாவதை.

கடிதம் வந்துவிட்டது. இப்போது?

வாழ்த்துகள். அதில் பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். லாக்புக்கின் (பறப்பு நேரப் பதிவேடு) கூட்டல்களை மறுபடி சரிபாருங்கள், விண்ணப்பத்தில் எழுதிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள். சான்றிதழ்களின் அசலும் இரண்டு நகலும் ஒரே கோப்பில். அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழுவில் விமானப் படத்தைப் போடுவதற்கு முன், இன்னும் பதில் வராமல் இருக்கும் ஒருவருக்காவது தனியாக ஒரு அழைப்பு போட்டுவிடுங்கள்.